சொல்லாமல் போன பன்னிரண்டு நாள்

வீட்டைக் காப்பது எப்படி என்று கேட்க நயினார் வந்தார். ஆவுடையப்ப சாமி களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கோயில் நந்தவனம்தான் சாமியின் இடம். ஒரு கிணறு, ஒரு ஓலைக் கொட்டகை, அரளி, பிச்சி. அவ்வளவுதான். நயினாருக்கு அறுபத்திரண்டு வயது. கரண்டு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாமி அவரைவிட ஏழு வயது இளையவர். இருந்தாலும் எட்டு வருஷமாக நயினார் அவருக்குச் சீடர்.

"சாமி, எங்க தெருவுல ரெண்டு வீட்டை உடைச்சிட்டாங்க."

"உம்ம வீடு?"

"தொடல. நாங்க பன்னிரண்டு நாள் ஊர்ல இல்ல. மக வீட்டுக்கு ஓசூர் போயிருந்தோம். பூட்டு பூட்டினபடியே இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அடையாளம் வச்சிட்டுப் போயிருக்கான் சாமி. அடுத்தது எங்க வீடுதான்."

சாமி களையை ஒதுக்கிப் போட்டார்.

"என்ன அடையாளம்?"

நயினார் விரல் விட்டு எண்ணினார். வாசல் விளக்கை யாரோ உடைத்திருந்தார்கள். தினமும் பால் வந்தும், கேட்டில் மாட்டியிருந்த பையில் பாக்கெட் ஒன்றுகூட இல்லை. கேட்டுக்கு வெளியே கோலம்.

"கோலமா?"

"எம் பொஞ்சாதி உலகம்மா போடுற கோலம் இல்ல. அஞ்சு புள்ளி, சுத்தி ஒரு கோடு. ஆள் இல்லாத வீட்டுக்குத் திருடங்க இப்படிக் குறி போட்டு வைப்பாங்களாம். போன்ல வந்துச்சு."

"அக்கம்பக்கத்துல யாராச்சும் போட்டிருக்கலாம்."

"எங்களுக்கு யார் சாமி போடுவா? நாங்க யார்கிட்டயும் பேசுறதே இல்ல."

சாமி இன்னொரு களையைப் பிடுங்கினார்.

"இன்னொன்னு. படியில ஒரு சோடி செருப்பு கிடந்தது. ஆம்பளைச் செருப்பு, பழசு. என்னுது இல்ல. திருடன் அவசரத்துல விட்டிருக்கான்."

"எங்கே அது?"

"திருடன் சாமான் வீட்டுல இருக்கலாமா? நேத்தே வாய்க்கால்ல வீசிட்டேன். வாசலுக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொன்னேன்."

சாமி கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். நயினார் பின்னாலேயே போனார்.

"வெள்ளிக்கிழமை மறுபடியும் ஓசூர் போகணும். துணிமணி எடுக்கத்தான் வந்தோம். மகளுக்கு மாசம் நெருங்கிட்டுது. எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மருமகன் கப்பல்ல இருக்கார். சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அங்கே இருப்பாங்க."

"போம்."

"எப்படிப் போக? வீடு? இருபது வருஷம் கம்பம் ஏறிக் கட்டின வீடு சாமி. உலகம்மா மட்டும் போகட்டும்னு சொல்லிட்டேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"அழுதா. ராத்திரி வலி எடுத்தா நான் ஒத்தைப் பொம்பளை என்ன செய்வேன்னா. மக போன் பண்ணி, அப்பா வரலையான்னு கேட்டா. நான் வச்சிட்டேன்."

சாமி முகத்தையும் கழுவிக்கொண்டார்.

"நாலு கேமரா மாட்டிட்டா போகலாமான்னு பாக்கேன்" என்றார் நயினார்.

"கேமரா எதைப் பார்க்கும்?"

"திருடனை."

"பார்த்து?"

"பதிவாகும்."

"அதை நீர் எப்போ பார்ப்பீரு?"

"திருட்டுப் போன பிறகு."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "வாரும். வீட்டைப் பார்ப்போம்."

நயினாருக்கு நம்ப முடியவில்லை. எட்டு வருஷத்தில் சாமி யார் வீட்டுக்கும் போனதில்லை.

போனார்கள். வெயில் சுள்ளென்று இருந்தது. கேட்டில் இரண்டு பூட்டு, முன்கதவில் மூன்று, பின்கதவில் மூன்று, மாடிக் கதவில் ஒன்று. ஜன்னலுக்கு ஜன்னல் இரட்டைக் கம்பி. சுற்றுச்சுவர் மேல் கண்ணாடிச் சில்லு. உலகம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுத முகம்.

சாமி எல்லாவற்றையும் பார்த்தார். கிழக்குச் சுவரிடம் வந்ததும் நின்றார். அங்கே மட்டும் சுவருக்கு மேலே ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்திருந்தது.

"இது எதுக்கு?"

நயினார் குரலைத் தணித்தார். "அந்தப் பக்கம் ஒரு பொம்பளை. முப்பிடாதின்னு பேரு. பீடி சுத்துறவ. நாள் பூரா அவ வாசல்ல உக்காந்து இங்கேயேதான் பாத்துக்கிட்டு இருப்பா. நாம காப்பி குடிச்சாப் பாப்பா, துணி காயப்போட்டாப் பாப்பா. தாங்க முடியல. மறைச்சிட்டேன்."

"எப்போ?"

"ஆறு மாசம் ஆச்சு."

"இப்போ பார்க்கிறது இல்லையா?"

"எப்படிப் பார்ப்பா?"

சாமி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். அடுத்த வீட்டை நோக்கி நடந்தார். நயினாருக்குத் தயக்கம். வேறு வழியில்லை, போனார்.

முப்பிடாதி வாசலின் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். இலையில் தூளை வைத்து உருட்டுவாள், முனையை மடித்து நூலால் கட்டுவாள். கையை அவள் பார்க்கவே இல்லை. பல வருஷத்துப் பழக்கம். கை அது பாட்டுக்குச் சுற்றும், கண் தெருவில் இருக்கும்.

"வாங்க சாமி. வாங்க அண்ணாச்சி" என்றாள். எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முறம் சரியும்.

சாமி தரையில் உட்கார்ந்தார். நயினாரும் உட்கார வேண்டியதாயிற்று.

"வாசல்ல அந்தப் பக்கம் நிழல் இருக்கே. இப்படி வெயில்ல உக்காந்திருக்கியே தாயி" என்றார் சாமி.

"முன்ன அங்கதான் இருந்தேன். அண்ணாச்சி தகரம் அடிச்ச பெறகு அங்கேருந்து ஒண்ணும் தெரியல. இங்க தள்ளி உக்காந்தா அவிய கேட்டும் படியும் தெரியும். தலையில துணி போட்டுக்கிட்டா வெயில் என்ன செய்யும்."

"எதுக்குப் பார்க்கணும்?"

"கைக்கு வேலை இருக்கு. கண்ணு சும்மாதான இருக்கு." ஒரு பீடியைக் கட்டி முறத்தில் போட்டாள். "பக்கத்து வீடு வேற."

நயினார் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க ஊருக்குப் போனது உனக்குத் தெரியுமா?" என்றார் சாமி.

"தெரியாம? விடியமுன்ன பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் பூனை மாதிரிப் போறாவ. ஆட்டோவைத் தெரு முனையில நிறுத்தியாச்சு. வாசலுக்கு வந்தா தெருவுக்குத் தெரிஞ்சிரும்லா." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சொல்லாமப் போறவியளை எங்க போறியன்னு கேக்கக் கூடாது. நான் கேக்கல."

"பால் பாக்கெட்?" என்றார் நயினார். அவருடைய முதல் பேச்சு அது.

"ஏன் அண்ணாச்சி, ஊருக்குப் போறவிய பாலை நிறுத்த மாட்டியளா?"

"நிறுத்தினா ஊருக்குப் போறது பால்காரனுக்குத் தெரிஞ்சிருமே."

"நிறுத்தாட்டா ஊருக்கே தெரிஞ்சிருமே. மொத நாள் ரெண்டு பாக்கெட்டு, மறுநாள் நாலு. பை புடைச்சுக்கிட்டு நிக்குது. நான்தான் எடுத்தேன்."

"எடுத்து?"

"குடிச்சேன். பின்ன, தெருவுலயா ஊத்த?"

சாமி சிரித்துவிட்டார். அவர் சிரித்து நயினார் பார்த்ததில்லை.

"விளக்கு?"

"அதுவும் நான்தான். பட்டப்பகல்ல வாசல் விளக்கு எரியுது. நீங்க கரண்டு ஆபீஸ்ல இருந்தவிய, உங்களுக்குத் தெரியாதா? எரிஞ்சா ஆளு இல்லைன்னுதான அர்த்தம். அணைக்க வழியில்ல, கேட்டு பூட்டியிருக்கு. கல்லை எடுத்து எறிஞ்சேன். மூணாவது கல்லுலதான் பட்டுது."

"கோலம்?"

"வாசல் வெறிச்சுன்னு கிடந்தா எவனுக்கும் புரியும். என் வாசலுக்குப் போடும்போது அதுக்கும் ஒரு கை போட்டேன். அக்கா மாதிரி எனக்குப் பெருசாப் போட வராது."

நயினார் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. அவர் கேட்கவில்லை. சாமி கேட்டார்.

"படியில செருப்பு கிடந்ததாமே."

"ஆமா. அது எங்க வீட்டுக்காரருது. அவரு போயி ஆறு வருசமாச்சு. சும்மாதான கெடக்குன்னு உங்க கேட்டுக் கம்பி வழியா உள்ள விட்டு, வெளக்குமாத்துக் கம்பால தள்ளிப் படியில ஏத்தி வச்சேன். ஆம்பளை இருக்கிற வீடுன்னு தெரியட்டும்னு."

அவள் இன்னொரு இலையை எடுத்தாள்.

"அது வச்ச ரெண்டாம் நாள்தான் அவனுவ வந்தானுவ. பாய் விக்கிற மாதிரி ரெண்டு பேரு. பாயைக் கூவவே இல்ல. உங்க கேட்டுக்கிட்ட நின்னு அந்தச் செருப்பையே பாத்தானுவ. ஒருத்தன் என்கிட்ட வந்து, ஐயா உள்ள இருக்காரான்னான். இருக்காரு, கோவக்காரரு, தூங்குதவரை எழுப்பினா அடிக்க வருவாருன்னேன். போயிட்டானுவ. மறுநாள்தான் நம்ம தெரு மேல முனையில அந்த ரெண்டு வீடும் போச்சு. அங்கே வாசல்ல உக்கார ஆளு இல்ல, பாவம்."

இலையில் தூளை வைத்தாள். உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"செருப்பை எடுத்து வச்சிருக்கியளா அண்ணாச்சி?"

நயினார் தலை குனிந்தார்.

"வாய்க்கால்ல போட்டுட்டேன்மா. திருடனுதுன்னு நினைச்சு."

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் முறத்தைப் பார்த்தாள். இவர்கள் வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் கையைப் பார்க்கிறாள்.

"தண்ணி ஓடுதா வாய்க்கால்ல?"

"ஓடுது."

"சரி."

நூலை எடுத்தாள். "கடைசி ரெண்டு வருசம் கட்டிலை விட்டு எறங்கல மனுசன். செருப்பைப் போட்டுப் பாக்கணும்பாரு. போகட்டும். நல்ல தண்ணிதான."

கை மறுபடியும் சுற்றத் தொடங்கியது.

இருவரும் எழுந்து வந்தார்கள். கேட்டுக்கு வந்ததும் நயினார் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நல்லதா ஒரு சோடி வாங்கித் தந்திரலாமா சாமி?"

"யார் காலுக்கு?"

நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பின்ன நான் என்னதான் செய்யணும்?"

"வெயில்ல உக்காந்திருக்கா" என்று சொல்லிவிட்டு சாமி நந்தவனத்துக்குப் போய்விட்டார். களை பாதியில் கிடந்தது.

அன்று சாயங்காலம் நயினார் ஏணி போட்டுத் தகரத்தைக் கழற்றினார். உலகம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முப்பிடாதி பீடி சுற்றிக்கொண்டே பார்த்திருந்தாள். மறுநாள் காலையில் அவள் சாக்கு நிழலுக்கு மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆட்டோ வீட்டு வாசலுக்கே வந்தது. நயினார் அடுத்த வாசலுக்குப் போய் நின்றார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒரே தெருவில் இருபத்திரண்டு வருஷம், இப்படி வந்து நின்றதில்லை.

"போயிட்டு வாரோம்மா. மக பிரசவம். ரெண்டு மாசம் ஆகும்."

"நல்லபடியாப் போயிட்டு வாங்க. என்ன பிள்ளைன்னு போன் போட்டுச் சொல்லுங்க" என்றாள்.

"நம்பர்?"

அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

ஓசூரில் வலி வந்தது நடுராத்திரி. மகளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்ததும், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதும், ரத்தத்துக்கு அலைந்ததும் நயினார்தான். சிக்கலான பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் பிள்ளை.

இரண்டு மாதம் கழித்து நயினார் நந்தவனத்துக்கு வந்தார். கையில் பழத்தட்டு. சாமி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நயினார் ஈரத் தரையில் விழுந்து கும்பிட்டார்.

"எழும்பும். வேட்டி நனையுது."

"நீங்க மட்டும் அன்னைக்கு வரலேன்னா நான் ஓசூர் போயிருக்க மாட்டேன் சாமி. டாக்டரம்மா சொன்னாங்க, அரை மணி நேரம் தாமதிச்சிருந்தா ரெண்டு பேரையும் பார்த்திருக்க முடியாதுன்னு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல?"

"நான் என்ன செஞ்சேன்? மோர் குடிச்சேன்."

"வீடு வச்சது வச்சபடி இருக்கு. உலகம்மா வந்ததும் நேரா முப்பிடாதி வீட்டுக்குத்தான் போனா. பிள்ளை போட்டோவைப் பார்த்து ரெண்டு பேரும் அழுகிறாங்க, சிரிக்கிறாங்க. ரெண்டு வீட்டுக்கும் இப்போ ஒரே காப்பிதான் சாமி."

"நல்லது."

"இன்னைக்குப் பாருங்க, முப்பிடாதியே எங்க வாசலுக்கு வந்தா. தம்பி வீட்டுல விசேஷம், கடையநல்லூர் போறேன், மூணு நாள் ஆகும்னு சொன்னா. என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போறா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அதை உங்ககிட்டச் சொல்லணும்னுதான் உலகம்மாவையும் கோயிலுக்குக் கூட்டிட்டு ஓடி வந்தேன்."

சாமி வாளியைக் கீழே வைத்தார்.

"எத்தனை மணிக்குப் போனா?"

"எட்டு மணி பஸ்ஸுக்கு."

"இப்போ மணி என்ன?"

"ஒன்பதரை."

"பின்னே, இங்கே உமக்கு என்ன வேலை?"