பிள்ளைக்குக் கிடைத்த சால்வை

குதிரைக்காரன் மாசானம் வெள்ளைக்காரத் துரையிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினான் என்று ஜமீன்தார் அவனுக்குச் சால்வை கொடுத்துவிட்டார். தலை நரைக்க உழைத்தும் ஒரு துண்டுகூட வாங்காத மேனேஜர் வைகுண்டம் பிள்ளைக்கு வயிறு எரிந்தது. ஜமீன் ஆபீஸான கச்சேரிக்கு அவனைக் கூப்பிட்டு மடக்கினார்.

"ஏலே, இங்கிலீஷ்ல பாய்ஸ்டரஸ்னா என்ன? வாயைத் திறக்காமச் சொல்லணும். முடியலேன்னா வேலையை விட்டுப் போயிரு."

மாசானம் கக்கத்தில் மரியாதையாக இடுக்கியிருந்த சால்வையை எடுத்து உதறி, மேனேஜர் முன்னாலேயே தோளில் போட்டுக்கொண்டான்.

பிள்ளை மேஜையைக் குத்தினார். தலைப்பாகையை வீசினார். "என் முன்னாலயே போடுதியா" என்று கூரை அதிரக் கத்தினார்.

சத்தம் கேட்டு ஜமீன்தார் வந்தார். மாசானம் சால்வையை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"பாய்ஸ்டரஸ்னா என்னன்னு வாயைத் திறக்காமச் சொல்லச் சொன்னாக எசமான். கடலுக்கும் அப்படிச் சொல்லுவாக, மனுஷனுக்கும் சொல்லுவாக. மனுஷன் கொந்தளிச்சா எப்படி இருக்கும்னு மேனேஜர் ஐயாவே காட்டிட்டாக."

ஜமீன்தார் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளைக்கும் அன்றைக்கே ஒரு சால்வை கிடைத்தது, அவ்வளவு நன்றாகக் கத்திக் காட்டியதற்காக.