நாலு பருக்கை விருந்து

அவசரவர்மன்னு ஒரு ராஜா. அவர் அரண்மனையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ராஜா காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்பவர்கள் இப்பவே எழுந்து போகலாம். மத்தவங்க கேளுங்க.

கோட்டைக் கதவைத் தூக்குகிற பல்சக்கரம் உடைந்துவிட்டது. புதுசு செய்யப் பத்து நாள் வேணும் என்றாள் பட்டறைத் தலைவி அங்காயி. அமைச்சர் நெடுங்கண்ணருக்கோ அந்தப் பட்டறையைத் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை. ராஜாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். திரையில் பட்டறை மெஷின் மாதிரியே ஒரு பொம்மை மெஷின் சுற்றி இரும்பை வெட்டியது. சர்ர்ர்! ராஜா கண் சிமிட்டுவதற்குள் சக்கரம் தயார்.

"பாத்தீங்களா மன்னா? இதுக்குப் போய்ப் பத்து நாளாம்!"

ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "அங்காயி, நாளைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சக்கரம் இங்க இருக்கணும். இல்லைன்னா பட்டறை அமைச்சரோட மச்சானுக்கு. உனக்கு ஜெயில்."

அங்காயி அழவில்லை. சபையிலேயே வாய்க்கொழுப்பு அதிகமான கொம்பையாவிடம் போனாள். "யோவ், திரையில ஓடுற வேகத்துல ஓட்டினா என் மெஷின் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிடும். ஏதாச்சும் பண்ணுய்யா."

கொம்பையா கம்ப்யூட்டரில் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தான். சிரித்தான். நேரே சமையலறைக்குப் போனான்.

மறுநாள் ராஜாவுக்கும் அமைச்சருக்கும் இலை போட்டாச்சு. பரிமாறியது கொம்பையா.

"நாலு கரண்டி சோறு வைடா," என்றார் ராஜா.

இலையில் நாலு பருக்கை விழுந்தது.

"என்னடா இது?"

"நாலுதான் மன்னா, எண்ணிக்குங்க. கரண்டிங்கிற யூனிட்டை மட்டும் பருக்கைன்னு மாத்திட்டேன்." சொல்லிக்கொண்டே மோரை ஊற்றினான்.

"டேய், சாம்பார்? ரசம்?"

"ஸ்டெப்பைப் பெரிசா வச்சிருக்கேன். சோத்துலேர்ந்து ஒரே தாவு, மோர். நடுவுல உள்ளது கண்ணுக்குத் தெரியாது."

ராஜா கை வைப்பதற்குள் இலையைக் காணோம்.

"இலை எங்கடா?"

"வேகம் உச்சத்துல இருக்கு. நீங்க சாப்பிட்டு முடிச்சாச்சு மன்னா."

"என் வயிறு அப்படிச் சொல்லலையே!"

"வயிறு பொய் சொல்லுது. நேத்து அங்காயி பத்து நாள்னு பொய் சொன்னாளே, அந்த மாதிரி. மூணு செட்டிங்ஸும் அமைச்சர் நேத்து கம்ப்யூட்டர்ல வச்சதுதான், நான் எதையும் புதுசா சேர்க்கலை."

நெடுங்கண்ணர் தன் நாலு பருக்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டரைக் கொண்டாங்கடா!" என்று கத்தினார் ராஜா. "எனக்கு இன்னொரு இலையும் போடுங்க!"

கொம்பையா மில்லிமீட்டரை இஞ்ச் ஆக்கினான். மோதிரம் அளவு இருந்த சக்கரம் வண்டிச்சக்கரம் ஆனது. ஸ்டெப்பைக் குறைத்தான். வேகத்தை நிஜ மெஷினுக்குச் சமமாக வைத்தான். மெஷின் இரும்பைக் கொறிக்க ஆரம்பித்தது. கர்ர்... கர்ர்... ராஜா சாம்பார் முடித்து, ரசம் முடித்து, பாயசத்தையும் வழித்து நக்கிவிட்டார். திரையில் முதல் பல்லில் பாதிகூட முடியவில்லை.

"பத்து நாள் எடுத்துக்கோ அங்காயி," என்றார் ராஜா. தன் மோதிரத்தைக் கழற்றிக் கொம்பையாவிடம் வீசினார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார். "யோவ், பத்து நாளும் நீ பட்டறையில இரும்புத்தூள் கூட்டணும். இப்பவே கிளம்பு."

நெடுங்கண்ணர் வயிற்றைத் தடவினார். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறேனே மன்னா..."

கொம்பையா அவர் இலையை மடித்தான்.

"நீங்கதான் அப்பவே சாப்பிட்டாச்சே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கடைசியாகக் குடித்த மோர் மூக்கு வழியாக வந்தது.