ஒதுங்காத ஜீப்பு

பரமானந்தம் முதலாளியின் ஜீப்பு ஹாரன் அடித்தால், எதிரே வரும் பஸ்ஸே பின்னால் நகர்ந்து வழிவிடும். அந்த ஜீப்புக்கு யானைக்குட்டி உயரத்தில் டயர் வாங்கிவந்து டிங்கர் சூசையின் பட்டறையில் இறக்கினார்.

"மாட்டு. அப்பா வாங்கின வண்டி, மட்கார்டில வெட்டுப்படக் கூடாது. வெட்டினியோ, என் இடத்தைக் காலி பண்ணிரணும்."

பதினெட்டு வருஷத்துப் பட்டறை. சூசை மாட்டிப் பார்த்தான். நேரே உருண்டது. ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது.

"முதலாளி, நீங்க யாருக்காவது ஒதுங்குவீங்களா?"

"என் பரம்பரைக்கே அந்தப் பழக்கம் கிடையாதுடா."

"அப்ப வெட்டவே வேண்டாம். பங்களா வரைக்கும் நேர் ரோடுதான், போங்க."

மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினார். நூறு அடிகூடப் போயிருக்கமாட்டார். டயர் மட்கார்டில் உரசி 'கர்ர்ர்' என்று ஊருக்கே கேட்டது. ஜீப்பு ஓரமாக ஒதுங்கி நின்றது. ரோட்டில் ஒரு தாய்க்கோழியும் எட்டுக் குஞ்சுகளும் நிதானமாகக் கடந்துகொண்டிருந்தன. கடைசிக் குஞ்சு நொண்டி. அது ஓரம் சேரும்வரை முதலாளி இறங்கிக் காவல் நின்றார்.

பிறகு பட்டறைக்குத் திரும்பிவந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "வெட்டுப்பா" என்றார்.

"என் பட்டறை, முதலாளி?"

"அது எங்க போகப்போகுது? நீ தாராளமா வெட்டு. அந்த ரோட்டில கோழி நிறைய இருக்கு."