சிறையாகக் கருதப்பட்ட மாளிகை

முன்னே ஒரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைச் சொன்னால் யாராவது கோபித்துக்கொள்வார்கள், ஆகவே விட்டுவிடுவோம். அந்த நாட்டு ராஜா நல்லவர்தான். குடிமக்களிடம் பிரியம் உண்டு. ஏரி குளங்களைக் கவனிப்பார். ஆனால் அவருக்கு ஒரு விசித்திரமான பிடிவாதம். சபையில் ஒரு வெற்றிலைச் சுருளை வாயில் போட்டால், அதை மென்று முடிப்பதற்குள் ஒரு வழக்கு முடிந்துவிட வேண்டும். சாட்சி, விசாரணை என்று யாராவது இழுத்தால் ராஜாவுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இந்தப் பிடிவாதத்தால் கொழுத்தவர் திருமேனிராயர். குற்றவாளிகள்மீது அரசர் தரப்பில் வழக்குப் பேசுவது அவர் வேலை. வழக்குரையர் என்பது பதவியின் பெயர். மாட்டியவன் ஏழையானால் 'சிறை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். பணக்காரனானால் முதல் நாளே அவன் வீட்டு விருந்தில் உட்கார்ந்து ஓர் உடன்பாடு பேசிவிட்டு, மறுநாள் அதைச் சபையில் தேனாக ஒப்பிப்பார். எப்படியானாலும் வெற்றிலை வாயில் இருக்கும்போதே வழக்கு முடிந்துவிடும். ராஜாவுக்கு அவரைப் பார்த்தாலே வாயெல்லாம் பல்.

அதே சபையில் கோனேரி என்றொரு விகடகவி இருந்தான். ஆள் ஒல்லி, வாய் நீளம். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. திருமேனிராயருக்கு வயிற்றெரிச்சல் உண்டாக்குவது அவன் பொழுதுபோக்கு.

ஒருநாள் சங்கநிதி என்ற முத்து வியாபாரி, குடித்துவிட்டுத் தன் குதிரைத் தேரைச் செக்குத் தெருவில் கண்மண் தெரியாமல் ஓட்டினார். பட்டத்து ராணியின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அவர் சம்பந்தி. ஆகவே தெருவெல்லாம் தம்முடையது என்ற நினைப்பு. தேர் மோதி, எண்ணெய் ஆட்டும் வீரணனின் செக்குமாடு அங்கேயே விழுந்து செத்தது. வீரணனுக்குத் தலைகால் புரியவில்லை. கையில் அகப்பட்ட எள்ளுப் பிண்ணாக்குக் கட்டியை எடுத்து வீசினான். அது சங்கநிதியாரின் தலைப்பாகையில் பட்டு உதிர்ந்தது.

மறுநாள் இரண்டு வழக்கும் சபைக்கு வந்தன. ராஜா வெற்றிலைச் சுருளை வாயில் போட்டுக்கொண்டார்.

"அரசே, வீரணன் என்பவன் பிண்ணாக்கை ஆயுதமாகப் பிரயோகித்து ஒரு கண்ணியவானைத் தாக்கினான். ஓராண்டுச் சிறை" என்றார் திருமேனிராயர்.

"சரி. அடுத்தது?"

"சங்கநிதியார் தம் தவற்றைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறார். அவரும் ஓராண்டு சிறையிருக்க இசைந்துவிட்டார். ஆயினும் அன்னாருக்கு மூட்டுவலி இருப்பதால், அவருடைய மாளிகையே சிறையாகக் கருதப்படும் என்று உடன்பாடு."

"இருவருக்கும் ஓராண்டு. சமநீதி!" என்று ராஜா தலையாட்டினார். முத்திரை விழுந்தது. சுருள் பாதிகூடக் கரையவில்லை.

கோனேரிக்கு ஏதோ நெருடியது. ஆனால் சிரிப்பாகச் சொல்ல ஒன்றும் தோன்றாததால் சும்மா இருந்துவிட்டான். சாயங்காலம் தலைக்கு நல்லெண்ணெய் வாங்கலாமென்று செக்குத் தெருவுக்குப் போனான். அங்கே செக்கு சுற்றிக்கொண்டிருந்தது. மாடு கட்டும் நுகத்தடியைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தவள் வீரணனின் மனைவி செங்கமலம். தோள் தோலுரிந்து, துணியில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது?" என்றான் கோனேரி.

"எள்ளு ஊறிப் போச்சு சாமி. ஆட்டலைன்னா வீணாயிடும். மாடு செத்துப் போச்சு, அந்த மனுசன் ஜெயில்ல இருக்காரு. நான்தானே சுத்தணும்?" என்றாள் அவள், நிற்காமலேயே. "தேரோட்டினவரும் ஜெயில்லதான்னு சொல்றாங்க. இப்போ அவரு வீட்டுல மேளச் சத்தம் கேக்குதே, அது எப்படி சாமி?"

கோனேரி வெறுங்கிண்ணத்தோடு வீடு திரும்பினான். சபையில் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்து அவனுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் சபை கூடியதும் கோனேரி ராஜாவின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"அரசே, எனக்கு உடனே ஒரு தண்டனை தாருங்கள்."

"என்ன குற்றம் செய்தாய்?"

"இனிமேல்தான் செய்ய வேண்டும். சங்கநிதியாருக்குக் கொடுத்த தண்டனையை எனக்கும் கொடுப்பதாக இருந்தால், தங்களுக்குப் பிடித்த குற்றமாகச் சொல்லுங்கள், செய்துவிடுகிறேன். நேற்று அந்தச் சிறையில் நாதஸ்வரக் கச்சேரியும் பாதாம் அல்வாவும் அமர்க்களப்பட்டனவாம். வழக்குரையர்கூட இரண்டாந்தரம் அல்வா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்."

சபை கொல்லென்று சிரித்தது. திருமேனிராயர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. கோனேரிமேல் பொறாமை கொண்ட இரண்டு மந்திரிகளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அரசே, தங்கள் முத்திரை பெற்ற ஆணையை இவன் கேலி செய்கிறான். அது தண்டனையே இல்லை என்கிறான். அப்படியானால் அதைத் தண்டனையாக்கும் பொறுப்பை இவனிடமே விடுங்கள். ஆனால் ஆணையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றலாகாது. வரும் பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் இவனுக்கு மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி நாடு கடத்த வேண்டும்."

"பலே, நல்ல யோசனை" என்றார்கள் இரண்டு மந்திரிகளும், முன்பே பேசிவைத்ததுபோல. ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். உடனே சம்மதித்துவிட்டார்.

கோனேரி பணிவாக எழுந்து நின்றான். "ஆணை. ஆனால் அடியேன் மரமண்டை. அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள்."

"அவருடைய மாளிகையே சிறையாகக் கருதப்படும்" என்று வாசித்தார்கள்.

"யார் கருத வேண்டும், அரசே?"

"இதென்ன கேள்வி? எல்லோரும்தான்."

"சிறைத் தலைவர் இருளப்பனாரும் கருத வேண்டுமா?"

"அவர்தானே முதலில் கருத வேண்டும்?" என்று ராஜா சிரித்தார். திருமேனிராயரும் கூடச் சிரித்தார், பாவம்.

இருளப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குச் சிரிக்கத் தெரியாது. சட்டத்தை மாற்றவும் தெரியாது, வளைக்கவும் தெரியாது. சிறை என்று சொல்லி ஒரு மாட்டுக்கொட்டகையைக் காட்டினாலும் பூட்டோடு வந்துவிடுவார். கோனேரி போய் ராஜாவின் வார்த்தையைச் சொன்னதும், அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அது சிறை என்பது உறுதிதானே?"

"ராஜ முத்திரையே விழுந்திருக்கிறது."

"அப்படியா? நேற்றிலிருந்து என் கவனத்துக்கு வராமல் ஒரு சிறை நடந்திருக்கிறது" என்று பதறிப்போய் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாளிகைக்குப் போனதும் இருளப்பனார் முதலில் சமையற்காரர்களை வெளியே அனுப்பினார். சிறையில் கேழ்வரகுக் கூழும் பச்சை வெங்காயமும்தான் உணவு. அடுத்து சங்கநிதியாரின் பட்டாடையை வாங்கிக்கொண்டு முரட்டு வேட்டி ஒன்றைக் கொடுத்தார். அவருடைய மனைவி மக்களைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார், சிறையில் குடும்பம் நடத்த வழியில்லை என்று.

"இது என் வீடு ஐயா!" என்று கத்தினார் சங்கநிதியார்.

"எல்லாக் கைதிகளும் முதல் நாள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள்" என்றார் இருளப்பனார். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்தார்.

அப்போது கோனேரி மெல்ல ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். "இருளப்பனாரே, உங்கள் பழைய சிறையில் கூரை ஒழுகுகிறது, ஆட்கள் கால் நீட்ட இடமில்லை என்று நெடுநாளாக முறையிடுகிறீர்களே. ராஜா இவ்வளவு பெரிய சிறையைத் தந்திருக்கும்போது ஒரே ஒரு கைதியை வைத்துப் பூட்டுவது நியாயமா?"

இருளப்பனாரின் கண்கள் கலங்கிவிட்டன. அன்று மாலைக்குள் ஊர்ச் சிறை மொத்தமும் மாளிகைக்குக் குடிவந்தது. ஆடு திருடியவர்கள் தந்தக் கட்டிலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். குடித்துவிட்டுப் பாடி ஊரை எழுப்பிய ஒருவன், பாடும் தொழிலைப் பூஜை அறைக்குப் பக்கத்தில் தொடர்ந்தான். எண்ணெய் வழியும் தலையோடு வீரணன் வெள்ளி ஊஞ்சலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் ஆடவில்லை, பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தான். சங்கநிதியாருக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய் கிடைத்தது.

விஷயம் திருமேனிராயர் காதுக்குப் போயிற்று. அவர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து, கூடத்தில் நின்று இருளப்பனாரிடம் சட்டம் பேசினார். வெற்றிலைக் கெடு இல்லாததால் நீட்டி நீட்டிப் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தி முரசு ஒலித்தது. கதவு சாத்திப் பூட்டப்பட்டது.

"கதவைத் திறவும், நான் போக வேண்டும்" என்றார்.

"முரசு ஒலித்தபின் சிறைக்குள் இருப்பவர் எவரானாலும், ராஜாவின் வாய்ச்சொல் இல்லாமல் வெளியே போகக் கூடாது" என்றார் இருளப்பனார். "ஐயா, தாங்களே ஏற்படுத்திய சட்டம்தானே? கூழ் சூடாக இருக்கிறது, சாப்பிடுங்கள்."

மறுநாள் சபையில் வழக்குரையரைக் காணோம். "எங்கே நம் திருமேனிராயர்?" என்று ராஜா கேட்க, "சிறையில் இருக்கிறார், அரசே" என்றான் கோனேரி. ராஜா திடுக்கிட்டுப் பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு மந்திரிகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

மாளிகைக் கதவு திறந்ததும் ராஜாவின் காலில் விழுந்தவர் திருமேனிராயர். முரட்டு வேட்டி, கையில் பாதி கடித்த வெங்காயம்.

"அரசே, காப்பாற்றுங்கள்! இந்த மூடர்கள் இதைப் போய்ச் சிறை என்கிறார்கள். இது சிறையே அல்ல! பார்த்தாலே தெரியவில்லையா? ஒரு பணக்காரரின் மாளிகை!"

கோனேரி ராஜாவின் காதருகே குனிந்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். "அரசே, இது சிறை என்றால் வழக்குரையர் கைதி. அவர் ஏற்படுத்திய சட்டப்படிதான் அடைபட்டிருக்கிறார். இது மாளிகை என்றால், அன்று சபையில் தங்களிடம் சிறை என்று சொல்லி முத்திரை வாங்கினாரே, அது என்ன? இரண்டில் ஒன்றை அவரே சொல்லட்டும்."

திருமேனிராயர் வாயைத் திறந்தார். பிறகு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டார், பேசாமலிருக்க அது ஒன்றுதான் வழி.

அதற்குள் மாடிப்படிக்குக் கீழிருந்து சங்கநிதியார் தவழ்ந்து வந்தார். "மகாராஜா, நான் எதையும் மறுக்கவில்லை. ஊர்ச் சிறை இப்போது காலியாகத்தானே கிடக்கிறது? தயவுசெய்து என்னை அங்கே அனுப்பிவிடுங்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்லக்குத் தூக்கிகள் சிரித்தார்கள், மந்திரிகளும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். இருளப்பனார் மட்டும் எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் கைதிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த செங்கமலம் வாசலில் நின்றாள். கோனேரி அவளை முன்னே வரச் சொன்னான். அவளுடைய தோளைப் பார்த்ததும் ராஜாவின் சிரிப்பு நின்றது. "என்னம்மா காயம்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். மாட்டையும் செக்கையும் பற்றி எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் திருமேனிராயர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அவரு வீட்டை ஜெயிலா நெனச்சுக்கிட்ட மாதிரி எங்க வீட்டையும் நெனச்சிருக்கலாமே. எம் புருசன் அங்கேயே இருந்து செக்காட்டியிருப்பாரே. ஏன் நெனைக்கல?"

"அது... மிகவும் சிறிய வீடு" என்றார் திருமேனிராயர்.

ராஜாவுக்குத் தம்மீதே கோபம் வந்தது. அந்தப் பெண்ணின் வழக்கு இரண்டு மெல்லலில் முடிந்தது அவருக்கு நினைவிருந்தது.

வீரணனை அப்போதே விடுதலை செய்தார். கோனேரியிடம், "பந்தயத்தில் நீ ஜெயித்தாய். என்ன வேண்டும், கேள்" என்றார்.

"பொன்னாடை எப்படியும் தருவீர்கள், அதை நான் தடுக்கவில்லை. கூடவே ஒன்று. இனிமேல் வழக்குரையர் எந்தக் குற்றவாளியோடு உடன்பாடு பேசினாலும், முத்திரைக்கு முன்னால் அடிபட்டவரின் எதிரில் வந்து நின்று, அவருக்குப் புரியும்படி அதைச் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். பதில் இல்லாவிட்டால் முத்திரையும் இல்லை."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "இப்போதே தொடங்கட்டும். திருமேனிராயரே, சங்கநிதியின் வழக்கை மறுபடி எடுக்கிறோம். என்ன தண்டனை கேட்கப்போகிறீர் என்று இந்த அம்மாவிடம் சொல்லும்."

திருமேனிராயர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "அம்மணி, சங்கநிதியார் புரிந்த செயல் வருந்தத்தக்கதாகக் கருதப்பட்டு, அன்னாரது மூட்டுவலியானது பரிசீலனைக்குரியதாகக் கருதப்படும் பட்சத்தில்..."

"கருதறதெல்லாம் இருக்கட்டும் சாமி" என்றாள் செங்கமலம். "என்ன செய்யப்போறீங்க, அதைச் சொல்லுங்க."

திருமேனிராயர் ராஜாவைப் பார்த்தார். ராஜா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ச் சிறையில் ஒரு வருஷம்" என்றார் திருமேனிராயர் மெதுவாக. "எல்லாரோடும். அப்புறம், உனக்கு ஒரு நல்ல மாடு."

"இது புரியுது" என்றாள் அவள்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "திருமேனிராயரே, இத்தனை வருஷத்தில் நீர் பேசியதில் எனக்கும் புரிந்தது இது ஒன்றுதான்" என்று சொல்லி, தம் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்துக் கோனேரிக்குப் போர்த்தினார்.