படகுத்துறையில் நாலு பேர்

“குருவே, என் கம்பெனி அஞ்சு கோடிப் பேரை எட்டணும். மூணு கோடியிலேயே நிக்குது. நான் என்ன செய்யட்டும்?”

கேட்டவர் ஹயாசே. வயது ஐம்பத்து நான்கு. மடக்கு செல்போன் காலத்தில், டோக்கியோவில் ஒரு வாடகை அறையில், ஒரேயொரு மீன்பிடி விளையாட்டோடு தொழிலைத் தொடங்கியவர். இன்று அவருடைய கம்பெனியில் இணைய விளையாட்டு, அனிமே கார்ட்டூன், நேரலைக் கச்சேரி எல்லாம் உண்டு. ரயிலில் போனில் குனிந்திருக்கும் தலைகளில் பாதி தனக்குத்தான் குனிகிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்.

குரு ஜியுன், காமகுரா மலையடிவாரக் கோயில் ஒன்றின் பெண் துறவி. ஹயாசேயைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

ஹயாசே டேப்லெட்டை நீட்டினார். திரையில் ஒரு கோடு ஏறி ஏறிப் போய், மேலே படுத்துவிட்டிருந்தது.

ஜியுன் அதை நிதானமாகப் பார்த்தார்.

“இதுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரு?”

“எல்லாரும் என் வாடிக்கையாளர்தான், குருவே. மூணு கோடிப் பேர்.”

“ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

ஹயாசேவுக்குச் சிரிப்பு வந்தது. இதென்ன பெரிய வேலை?

ஆபீசுக்குப் போனதும் துணைத் தலைவர் குசுமியைக் கூப்பிட்டார்.

“நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கிற ஒருத்தரைத் தேடிக் கொடுங்க.”

குசுமி தேடினார். முகம் சுருங்கியது.

“நம்ம பழைய மீன்பிடி விளையாட்டுல ஒரு அம்மா இருக்காங்க சார். பதினோரு வருஷமா ஒரு நாள்கூடத் தவறலை. ஆனா அதை இந்த மாசக் கடைசில மூடுறோம். நானூத்துப் பன்னெண்டு பேர்தான் மிச்சம்.”

“மூடுறது இருக்கட்டும். அவங்களை வரச் சொல்லி எழுதுங்க.”

இரண்டே நாளில் பதில் வந்தது.

‘வர முடியாது. மாடு கறக்கணும். வேணும்னா நீங்க வாங்க.’

ஹயாசே போனார்.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் கிழக்கு ஓரம். விமானம், அப்புறம் பஸ், அப்புறம் உறைந்த மண்பாதை. விடியும் நேரத்தில் தொழுவத்து வாசலில் ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ஒகினோ ஃபுமி.

“கரெக்டா வந்தீங்க. மணி ஆறாகப் போகுது. எல்லாரும் வர்ற நேரம்.”

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனை எடுத்தார். ஹயாசே எட்டிப் பார்த்தார். அவரே ஒருகாலத்தில் பலகை பலகையாக வரைந்த படகுத்துறை. அதன் விளிம்பில் நாலு பொம்மை உருவங்கள் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன.

‘கறந்தாச்சு,’ என்று ஃபுமி தட்டினார்.

‘டோஃபு இறக்கியாச்சு,’ என்றது ஒன்று. நாகசாகியில் டோஃபு கடை வைத்திருப்பவர்.

‘டாக்சியை நிறுத்தியாச்சு. தூங்கப் போறேன்,’ என்றது இன்னொன்று. ஒசாகா டாக்சி ஓட்டுநர்.

நாலாவது ஒரு புள்ளி மட்டும் வைத்தது.

அவ்வளவுதான். யாரும் தூண்டிலைத் தொடவில்லை.

“மீன் பிடிக்க மாட்டீங்களா?”

“அதை விட்டு ஏழு வருஷமாச்சு.”

“அந்தப் புள்ளி என்ன?”

“போன வருஷம் அவங்க வீட்டுக்காரர் தவறிட்டார். அதுலேர்ந்து புள்ளிதான். நாங்க எதுவும் கேக்கிறதில்லை. புள்ளி வந்தா, இன்னைக்கும் எழுந்துட்டாங்கன்னு அர்த்தம்.”

தொழுவத்துக்குள் ஒரு மாடு கத்தியது.

“மூடப் போறீங்களாமே,” என்றார் ஃபுமி. குரலில் கெஞ்சல் இல்லை. “வேற கம்பெனி விளையாட்டுல, இப்படி உக்கார ஒரு பாலம் பாத்து வச்சிருக்கோம். நாங்க மூணு பேரும் அங்க போயிடுவோம். புள்ளி வைக்கிறவங்கதான் இன்னும் பதில் சொல்லலை.”

ஹயாசே தன் போனை எடுத்தார். சொந்த விளையாட்டின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. மூன்றாவது முயற்சியில் கதவு திறந்தது. படகுத்துறையில் ஐந்தாவதாகப் போய் உட்கார்ந்தார்.

உண்மையையே எழுதினார்.

‘டோக்கியோக்காரன். ஹொக்கைடோ வந்திருக்கேன். கால் விறைச்சுப் போச்சு.’

‘வாங்க டோக்கியோ,’ என்றது ஒசாகா.

‘வாங்க வாங்க,’ என்றது நாகசாகி.

பிறகு நாலாவது உருவத்தின் தலைக்கு மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

‘ரெண்டு ஜோடி காலுறை போடுங்க.’

ஃபுமி வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது. ஹயாசே திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் பஸ்ஸிலிருந்தே குசுமிக்கு நாலு வரி எழுதி அனுப்பினார்.

மறுநாள் காலை அவர் கோயிலுக்குள் நுழைந்தபோது, ஜியுன் அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“தனியா வந்திருக்கீங்க.”

“அவங்களுக்கு மாடு கறக்கணும், குருவே.”

ஜியுன் உரக்கச் சிரித்தார். உட்காரச் சொல்லி, தேநீர் ஊற்றினார்.

ஹயாசே கோப்பையைத் தொடுவதற்குள் போன் அடித்தது. குசுமி.

“சார், பழைய விளையாட்டை மூட வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அடுத்து வரப்போற ஒவ்வொரு விளையாட்டுலேயும் ஒரு படகுத்துறை வேணும்னு எழுதியிருக்கீங்க. அங்க ஜனங்க என்ன செய்வாங்க?”

“உக்காருவாங்க.”

“ஜெயிக்கிறதுக்கு எதுவும்?”

“இல்லை.”

“இயக்குநர்கள் காரணம் கேப்பாங்களே சார். என்னன்னு எழுதட்டும்?”

ஹயாசே குருவைப் பார்த்தார். குரு தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

“அந்த மூணு கோடிக்குள்ள ஆள் இருக்காங்கன்னு எழுதுங்க.”