கோமதிநாயகம் களவுபோன கதை

நெட்டைக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், “இங்கதான்” என்பார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் கிடைக்காது.

அந்த ஊரில் தென்னை விவசாயிகள் சங்கம் ஒன்று உண்டு. தலைவர் அணைஞ்சபெருமாள், செயலாளர் ஊய்க்காட்டான், உறுப்பினர் கோமதிநாயகம். உறுப்பினர் அவர் ஒருவர்தான். மற்ற இருவரும் அவரை நிர்வகித்தார்கள்.

ஒரு சித்திரை மாதம் பக்கத்து ஊர் வங்கியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, இணையத் திருட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். பெயரும் முகவரியும் உள்ள காகிதத்தைக் கிழிக்காமல் வெளியே விடாதீர்கள் என்றார். ஒருவர் தன்னை இன்னார் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள், விவரம் கேட்டு, சரியாகச் சொன்னால் மட்டும் நம்புங்கள் என்றார். மூவரும் தலையாட்டினார்கள். அதிகாரி இளநீர் குடித்துவிட்டுத் திருப்தியோடு கிளம்பினார்.

அன்று சாயங்காலமே ஊய்க்காட்டான் சங்கத்து ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண்ணை மாற்றிவிட்டு வந்தார்.

“புது நம்பர் என்ன வே?” என்றார் தலைவர்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரே.”

“சரி, உமக்காவது ஞாபகம் இருக்கா?”

“எனக்கு எப்படித் தெரியும்? கண்ணை இறுக்க மூடிக்கிட்டுல்லா அடிச்சேன்.”

தலைவர் அவரைத் தட்டிக்கொடுத்தார்.

கோமதிநாயகத்தின் மகள் செண்பகவல்லிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அம்பாசமுத்திரம். நானூறு பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. ஒவ்வொன்றிலும் பெயர், முகவரி, தேதி, போதாததற்கு அப்பா பெயர், தாத்தா பெயர். கோமதிநாயகத்துக்கு அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. மூவரும் உட்கார்ந்து நானூறையும் சுக்குநூறாகக் கிழித்தார்கள். பிறகு வீடு வீடாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி துண்டுகளை மரியாதையாகக் கொடுத்து, “குடும்பத்தோட வந்துரணும்” என்று அழைத்தார்கள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் வேண்டுகோளின்படி தங்கள் கைபேசி எண் மாற்றப்பட்டுள்ளது’ என்று சொல்லி, ஒரு புது எண்ணும் போட்டிருந்தது. கோமதிநாயகம் அப்படி ஒன்றும் வேண்டவில்லை. மூவரும் வங்கிக்குப் போனார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “ஐயா, யாரோ உங்க அடையாளத்தைத் திருடிட்டாங்க. உங்க பேர்ல இன்னொருத்தன் நடமாடுறான். உடனே நிறுத்திரலாம். நீங்கதான் கோமதிநாயகம்னு உறுதி பண்ண மூணு கேள்வி கேக்குறேன். பிறந்த தேதி?” என்றாள்.

“ஆடி மாசம். பாலம் உடைஞ்ச வருசம். செவ்வாக்கிழமை.”

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று ஒரே தேதியைப் போட்டிருந்தார். கோமதிநாயகத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை.

“அம்மா பேரு?”

“பெத்த தாயைப் போய்ப் பேரு சொல்லச் சொல்லுதியேம்மா!”

“பழைய ஃபோன் நம்பர்?”

“எனக்கு நானே எதுக்கு ஃபோன் போடப்போறேன்?”

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் மூன்று தடவை ‘தவறு’ என்று தட்டினாள். “மன்னிக்கணும் ஐயா. நீங்க கோமதிநாயகம்னு என்னால ஏத்துக்க முடியாது.”

மூவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

“பேங்க்காரங்களே சொல்லிட்டாங்க வே. கோமதிநாயகம் நீர் இல்லையாம்” என்றார் தலைவர்.

“அப்ப நான் யாரு அண்ணாச்சி?” என்றார் கோமதிநாயகம்.

“அது பொறவு பாத்துக்கிடலாம். நாலு நாள்ல கல்யாணம். கோமதிநாயகம் இல்லாம யாரு தாரை வார்த்துக் குடுக்கது? பொண்ணு நிலைமை என்னாகும்?”

ஊய்க்காட்டான் ஒரு யோசனை சொன்னார். “கோமதிநாயகத்தோட நம்பர்தான் கடுதாசில இருக்கே. அவருக்கே அடிச்சுக் கேட்டா என்ன?”

தலைவர் கோமதிநாயகத்தின் பழைய வங்கி விண்ணப்ப நகலைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த எண்ணுக்கு அடித்தார். யாரோ ஓர் இளைஞன் எடுத்தான். பெயர் கேட்டார், சொன்னான். பிறந்த தேதி கேட்டார், ஜூன் ஒன்று என்று வருஷத்தோடு சொன்னான். அம்மா பெயரையும் பழைய ஃபோன் நம்பரையும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தான். வங்கியில் பதிந்ததெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தலைவர் ஃபோனைக் கையால் பொத்தினார்.

“எல்லாம் சரி. கோமதிநாயகம் இவருதான்.”

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “நல்ல காலம். கிடைச்சுட்டேன்.”

தலைவர் மறுபடி ஃபோனில் பேசினார். “அண்ணாச்சி, உங்க மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். நீங்க வந்து தாரை வார்க்கணும். உங்க பாஸ்புக்கு, வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டுப் பத்திரமா வச்சிருக்கோம். வந்து வாங்கிக்கிடுங்க.”

தன் தொழிலில் அப்படி ஓர் அழைப்பு அவனுக்கு அதற்கு முன் வந்ததில்லை. “வர்றேன்” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை வந்திறங்கியவனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். இறுக்கமான பேன்ட், காதில் கடுக்கன்.

“அம்பத்தெட்டு வயசுக்கு ஒடம்பை நல்லா வச்சிருக்காரே வே” என்றார் ஊய்க்காட்டான்.

“சின்ன வயசுல நான் இப்படித்தான் இருந்தேன்” என்றார் கோமதிநாயகம், பெருமையாக.

மணப்பெண் செண்பகவல்லி மாலையும் கழுத்துமாகத் தலைவரிடம் ஓடி வந்தாள். “பெரியப்பா, என்ன கூத்து இது? எங்கப்பாதான் எனக்குத் தாரை வார்க்கணும்!”

“அதைத்தானேம்மா அலைஞ்சு திரிஞ்சு ஏற்பாடு பண்ணிருக்கோம்” என்றார் தலைவர்.

கோமதிநாயகத்தின் மனைவி சொர்ணத்தம்மாள் வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் நெட்டைக்குறிச்சியில் பிறந்தவள் இல்லை.

“நீருதான் கோமதிநாயகமோ?”

“ஆமாம்மா.” அவன் கண் தலைவர் கையில் கொடுத்திருந்த மஞ்சப்பையின் மேலேயே இருந்தது.

“ரொம்ப நல்லதாப் போச்சு. அந்தப் பையைக் கீழ வையும். பந்தியில சாம்பார் பத்தல, சமையக்காரன் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், அவனைச் சமாதானம் பண்ணும். மாப்பிள்ளையோட தாய்மாமனுக்கு மாலை போடலன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காக, கால்ல விழுந்து கூட்டிட்டு வாரும். எங்கப்பாவுக்கு வயித்துக்குச் சரியில்ல, கொல்லைக்குக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போகணும். அடுத்த வருசம் ரெண்டாவது பிள்ளைக்குக் கல்யாணம், அதுக்கும் இப்பமே யோசிச்சு வையும். முப்பது வருசமா ஒரு சோலியும் பாக்காம இருந்தீரு. இன்னைக்காவது பாரும்.”

அவன் பையை வைத்தான். சமையல்காரனிடம் போனான், கரண்டியோடு திரும்பி வந்தான். தாய்மாமன் காலில் விழுந்தான், அவர் காலை இழுத்துக்கொண்டார். மாமனாரைக் கைத்தாங்கலாகக் கொல்லைக்குக் கூட்டிப்போனான். மாமனார் மட்டும் திரும்பி வந்தார்.

“செவர் ஏறிக் குதிச்சு ஓடுதாருடே மருமகன்” என்றார் கிழவர். “இவ்வளவு சுறுசுறுப்பு நான் எதிர்பாக்கல.”

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம். “பொண்ணோட தகப்பனார் எங்கே?” என்று புரோகிதர் சத்தம் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள். மணமேடையில் செண்பகவல்லி கோமதிநாயகத்தின் கையைப் பிடித்து இழுத்து, “நீங்க உக்காருங்கப்பா!” என்று அழுதாள்.

“நான் எப்படித் தாயி உக்கார முடியும்? அவரு வந்து கேட்டா?”

தலைவரும் செயலாளரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

“வராத ஆளுக்குப் பதிலா இன்னொருத்தர் தாரை வார்க்கலாம். சாஸ்திரத்துல இடம் இருக்கு.”

“ஆனா கோமதிநாயகத்துக்கு நெருங்கின ஆளா இருக்கணுமே வே.”

இருவரும் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கண் கோமதிநாயகத்தின் மேல் நின்றது. இப்படியாகக் கோமதிநாயகத்துக்குப் பதிலாகக் கோமதிநாயகமே உட்கார்ந்து, தன் மகளைத் தானே தாரை வார்த்துக் கொடுத்தார். தாலி ஏறியது. கெட்டி மேளம் முழங்கியது. சொர்ணத்தம்மாள் மஞ்சப்பையைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

மறுநாள் மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கோமதிநாயகத்தைக் காணவில்லை என்று புகார். அடையாளத்துக்குக் கோமதிநாயகத்தின் போட்டோவையும் கொடுத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் போட்டோவைப் பார்த்தார், எதிரே நின்றவரைப் பார்த்தார், நடந்ததையெல்லாம் கேட்டார். ஒரு டீ வரவழைத்துக் குடித்தார்.

“யோவ், காணாமப் போனவன் இந்தா நிக்கான். கூட்டிட்டுப் போங்க.”

“விசாரிக்காம எப்படி சார்?” என்றார் தலைவர். “மூணு கேள்வி கேக்கணும்.”

தொல்லை ஒழிந்தால் போதும் என்று சப்-இன்ஸ்பெக்டர் அந்த விண்ணப்ப நகலை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார். இத்தனை நாளும் அந்த நகலைத் திரும்பத் திரும்பப் படித்ததில் கோமதிநாயகத்துக்கு இப்போது எல்லாம் மனப்பாடம். ஜூன் ஒன்று என்றார், வருஷத்தோடு. தாயிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பெயரைச் சொன்னார். ஃபோன் நம்பர் பத்து இலக்கமும் தப்பில்லை.

“எல்லாம் சரி” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “இவர்தான்யா கோமதிநாயகம்.”

தலைவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“சார், ஏமாந்துராதீங்க! எங்க கோமதிநாயகத்துக்கு இதுல ஒண்ணுகூடத் தெரியாது. பேங்க்காரங்களைக் கேளுங்க. இவ்வளவும் தெரிஞ்சவன் திருடனாத்தான் இருக்கணும்!”

“ஆமா சார்!” என்றார் ஊய்க்காட்டான். “ஆளும் அச்சு அசலா அவரைப் போலயே இருக்கான்!”

கோமதிநாயகம் ஒரு நொடி யோசித்தார். சட்டென்று தன் வலது கையால் தன் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நான் புடிச்சுட்டேன் சார்! சீக்கிரம் வெலங்கைக் கொண்டாங்க, திமிறுதான்!”