கதவோரத்து இடம்

"குருவம்மா எப்பவும் கதவோரமாத்தான் உட்கார்றாங்க. எவ்வளவு பணிவு பாரு! நாளைக்கு அவங்க பக்கத்து இடம் எனக்கு."

"நான் நேத்தே துண்டு போட்டாச்சு, போடி."

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த இருவர் பேசியது தில்லைநாயகிக்குக் கேட்டது.

தியான மண்டபத்தில் மணி அடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. அவளுக்கோ சிறுநீர் முட்டினால் அடுத்த நொடி அடக்க முடியாது. கதவோரம் என்றால் யாருக்கும் தெரியாமல் நழுவலாம்; அந்த இடமும் கிடைப்பதில்லை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். நேற்று மண்டபத்திலேயே மயங்கி விழுந்தாள்.

குருவிடம் விடைபெறப் போனாள்.

"ஊருக்குப் போறேம்மா."

"ஏன்?"

"உடம்பையே அடக்கத் தெரியாதவளுக்குத் தியானம் எதுக்கும்மா?" தண்ணீர் குடிக்காத கதையைத் தலைகுனிந்தபடி சொன்னாள்.

"சரி, போ. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி வரைக்கும் துணைக்கு வா."

ஆஸ்பத்திரியில் குரு நாற்காலியில் சாய்ந்து வலது காலை நீட்டினார். நர்ஸ் கணுக்காலுக்கு மேலே மெல்லிய ஊசியைச் செருகி, ஒரு சிறிய பெட்டியோடு ஒயரால் இணைத்தாள். கால் கட்டைவிரல் தானாகத் துடித்தது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"தேவலை. குழாய்ச் சத்தம் கேட்டா முன்ன மாதிரி ஓட வேண்டியதில்லை."

தில்லைநாயகி திடுக்கிட்டாள்.

"அம்மா, இது எதுக்கு?"

"இந்த நரம்புல லேசா கரண்ட் கொடுத்தா மூத்திரப்பை அடங்குமாம். வாராவாரம் வர்றேன்."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"அப்போ கதவோரம்..."

"கக்கூஸ் அந்தப் பக்கம்தானே இருக்கு."

தில்லைநாயகி குருவின் பக்கம் குனிந்து கேட்டாள்.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"பணிவுன்னு சொன்னாங்க. கேட்க நல்லா இருந்தது. சும்மா இருந்துட்டேன்."

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. குரு கதவருகே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு மூத்திரம் அடக்க முடியாது. வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கேன். அதனாலதான் இங்கே உட்கார்றேன். அந்த மாதிரி வேற யாராவது இருந்தா என் பக்கத்துல வாங்க."

ஒருவரும் அசையவில்லை. ஒருத்தி குருவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு போட்டிருந்தவள் அதை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தில்லைநாயகி எழுந்தாள். மூலையிலிருந்த பானையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, எல்லாரும் பார்க்க முழுவதையும் குடித்துவிட்டு, கதவோரம் போய் உட்கார்ந்தாள்.